ஃபேஸ் மாஸ்க்: எது காசுக்குத் தேறும், எது தேறாது

‘ஆய்லி ஸ்கின்னுக்கு’, ‘டிரை ஸ்கின்னுக்கு’ என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பி வாங்குவதில்தான் பாதிப் பணம் வீணாகிறது. வெயில், ஏசி, மாதவிடாய் நாட்கள், புதிதாகத் தொடங்கிய ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை க்ரீம்) என்று எது மாறினாலும் சருமமும் மாறும். போன மாதம் ஒத்துக்கொண்ட மாஸ்க் இந்த மாதம் எரியலாம்.

அதனால் மாஸ்க் போடும் அன்றே சோதித்துப் பாருங்கள். மிதமான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, எதுவும் தடவாமல் அரை மணி நேரம் விட்டு, நெற்றி, மூக்கு, கன்னம் மூன்றிலும் டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுங்கள். எண்ணெய்க் கறை படிந்தால் க்ளே (களிமண்) மாஸ்க். கறையே இல்லாமல் தோல் இழுத்துப் பிடித்தால் ஈரப்பதம் தரும் மாஸ்க். கறையும் இருக்கிறது, இழுக்கவும் செய்கிறது என்றால் அது நீர்ச்சத்து குறைந்த சருமம். பலர் ஏமாறுவது இங்கேதான். எண்ணெயைப் பார்த்துவிட்டு க்ளேயை அப்பினால் இழுப்புதான் கூடும்.

இருப்பதில் காசுக்குத் தேறுவது க்ளே மாஸ்க். அதிகம் தப்பாகப் போடப்படுவதும் அதுவே. கயோலின், பென்டோனைட் இரண்டும் களிமண் வகைகள். லேபிளில் கயோலின் முன்னால் வந்தால் மென்மையானது. பென்டோனைட் முன்னால் வந்தால் எண்ணெயை நன்றாக உறிஞ்சும், வறண்ட தோலுக்கு ஆகாது. கரி சேர்த்ததற்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. கண்ணையும் உதட்டையும் விட்டு, தோல் நிறம் தெரியாத அளவுக்கு ஒரே சீராகப் பூசுங்கள். பூசியதும் ஈரமாக மினுங்கும். சிறிது நேரத்தில் ஓரங்கள் வெளிறும். மூக்கின் மேல் எண்ணெய் ஊறிய இடங்கள் மட்டும் ஊசிமுனைப் புள்ளிகளாகக் கருத்து நிற்கும். கழுவ வேண்டிய நேரம் அதுதான், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். வாயசைத்தால் வெடிக்கிற அளவுக்குக் காயவிட்டால் மேல்தோலின் ஈரமும் சேர்ந்து போய், கழுவியபின் கன்னம் சிவக்கும். வெதுவெதுப்பான நீரால் ஊறவைத்துத் துடையுங்கள், தேய்க்காதீர்கள். வாரம் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு. கன்னம் மட்டும் வறண்டவர்கள் நெற்றி, மூக்கு, தாடையில் க்ளேயும் கன்னத்தில் க்ரீம் மாஸ்க்கும் ஒரே நேரத்தில் போடலாம்.

ஷீட் மாஸ்க் ஒருநாள் பளபளப்புக்கு மட்டும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் கிளிசரினும் ஹயலுரானிக் அமிலமும் உள்ள சீரத்தில் நனைத்த துணி, அவ்வளவே. 15 முதல் 20 நிமிடத்தில், துணி ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட்டு உடனே மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். இல்லையென்றால் ஏறிய ஈரம் நிற்காது. மிச்ச சீரத்தைக் கழுத்தில் தடவுங்கள், பிரித்த பாக்கெட்டை நாளைக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.

ஸ்லீப்பிங் மாஸ்க் என்பது பெரும்பாலும் கொஞ்சம் கெட்டியான நைட் க்ரீம்தான். செராமைடு, பாந்தினால் போன்ற ஈரம் காக்கும் பொருட்கள் உள்ள நல்ல மாய்ஸ்சரைசர் கையில் இருந்தால் தனியாக வாங்க வேண்டாம்.

ஆசிட் மாஸ்க்கில்தான் கவனம் வேண்டும். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரைவதால் அடைபட்ட துளைகளுக்கும் கரும்புள்ளிக்கும் ஏற்றது. மங்கலான, சொரசொரப்பான தோலுக்கு லாக்டிக் அமிலம். கிளைகாலிக் அமிலம் அதைவிட வீரியமானது. லேபிளில் உள்ள நேரத்துக்கு ஒரு நிமிடமும் கூட்டாதீர்கள். லேசான குறுகுறுப்பு சகஜம், எரிச்சல் எடுத்தால் உடனே கழுவிவிடுங்கள். ரெட்டினால் போடும் இரவிலும், ஷேவ் அல்லது வாக்ஸ் செய்த அன்றும் கூடாது. லாக்டிக், கிளைகாலிக் போட்டால் ஒரு வாரத்துக்குப் பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

பீல்-ஆஃப் மாஸ்க்குக்கு மதிப்பெண் பூஜ்ஜியம். பாலிவினைல் ஆல்கஹால் படலம் பூனைமுடியையும் மேல்தோலையும் சேர்த்துப் பிய்க்கிறது. மூக்கிலிருந்து முள்முள்ளாக வருவதில் பெரும்பகுதி துளைகளில் இயல்பாகவே இருக்கும் எண்ணெய் இழைகள், விரைவிலேயே மறுபடி நிரம்பிவிடும். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் இதே வரிசைதான். சருமத்தின் பிஎச் (அமில-காரத்தன்மை அளவு) சுமார் 5, எலுமிச்சை 2-ஐ ஒட்டியது, சோடா 8-க்கு மேல்.

வாங்கும்போது வாசனை சேர்க்காததாக, டப்பாவைவிட ட்யூபாகப் பாருங்கள். விரல் உள்ளே போகாது. லேபிளில் திறந்த டப்பா படத்துக்குள் 6 என்று இருந்தால், பிரித்து ஆறு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதல்முறை முகத்துக்குப் போகும் முன் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, உரிய நேரத்தில் கழுவி, இரண்டு நாள் பாருங்கள்.