லசான்யா லவ்: பிள்ளைகளோடு சேர்ந்து சமைத்துக் கொடுக்கத் தோதான சேவையா?

அமெரிக்காவில் உணவு வங்கி இல்லாத பெரிய ஊர் கிடையாது. ஆனால் வீட்டில் சமைத்ததை அங்கே பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். டின், அரிசி, பாஸ்தா என்று பிரிக்காத பொட்டலம்தான் வேண்டும். பிள்ளைகள் நாலு டின்னைப் பெட்டியில் போட்டுவிட்டு வருவதோடு வேலை முடிந்துவிடும். சமைத்தே கொடுக்க நினைக்கும் குடும்பங்களுக்கு லசான்யா லவ் என்ற தன்னார்வ அமைப்பு நல்ல வழி. லசான்யா என்பது பாஸ்தா தகடு, சாஸ், சீஸ் என்று அடுக்கி ஓவனில் வேகவைக்கும் இத்தாலிய உணவு. 2020-இல், கொரோனா காலத்தில், ரியானன் மென் என்பவர் தன் சின்ன மகளையும் சேர்த்துக்கொண்டு அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கு லசான்யா செய்து கொடுத்ததில் தொடங்கியது இது.

சாப்பாடு தேவைப்படுபவர் இணையத்தில் பதிவு செய்கிறார். வருமானச் சான்று கேட்பதில்லை. சமைப்பவர் எவ்வளவு தூரம் போக முடியும், எத்தனை நாளுக்கு ஒருமுறை முடியும் என்று சொல்லிவிட்டால், அருகிலுள்ள ஒரு குடும்பத்தோடு இணைத்துவிடுகிறார்கள். செய்தி அனுப்பி நாள் பேசிக்கொண்டு, வாசலில் வைத்துவிட்டு வர வேண்டியதுதான். சாமான் செலவு நம்முடையது. பதிவைப் பெற்றோர் பெயரிலேயே செய்யுங்கள்.

ஏன் லசான்யா? சின்னக் கைகளுக்கு அடுப்பு இல்லாத வேலை இதில் நிறைய இருக்கிறது. 9க்கு 13 அங்குல ட்ரே ஒன்றுக்கு 12 பாஸ்தா தகடு, 450 கிராம் அரைத்த இறைச்சி, 28 அவுன்ஸ் நசுக்கிய தக்காளி டின் ஒன்று, 15 அவுன்ஸ் ரிக்கோட்டா என்ற மென்மையான சீஸ் டப்பா ஒன்று, முட்டை 1, துருவிய மொசரெல்லா சீஸ் 450 கிராம். ஆறு முதல் எட்டுப் பேர் சாப்பிடலாம். இறைச்சியும் தக்காளியும் சேர்த்துச் சமைத்ததுதான் சாஸ். அடியில் அதில் ஒரு கப், மேலே மூன்று தகடு, ரிக்கோட்டா, மொசரெல்லா, மறுபடி சாஸ். இப்படி நாலு தகட்டு அடுக்கு. கடைசித் தகட்டின் மேல் சாஸும் சீஸும் மட்டும்.

நாலு வயதுப் பிள்ளை சீஸ் தூவலாம், துளசியின் உறவான பேசில் இலையைக் கிள்ளிப் போடலாம். ஏழு வயதுக்கு அடுக்குவது கைவரும். பத்து வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் நிற்க, வெங்காயம் நறுக்கலாம். ரிக்கோட்டாவில் பச்சை முட்டை சேர்வதால் கரண்டியை நக்க விடக் கூடாது. கலக்கியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஓவன் பக்கம் மட்டும் பிள்ளைகள் வேண்டாம். நிரம்பிய ட்ரே மூன்று கிலோவைத் தொடும். அலுமினிய ட்ரே நடுவில் மடங்கிச் சூடான சாஸ் கையில் கொட்டும். அதற்கடியில் ஒரு தட்டையான பேக்கிங் தகடு வைக்காமல் தூக்கவே கூடாது, பெரியவரும்தான்.

ஃபாயில் மூடி 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 40 நிமிடம், திறந்து 10 நிமிடம். நடுவில் வெப்பமானியைக் குத்தினால் 165 காட்ட வேண்டும். ஓரம் கொதிப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், நடு இன்னும் ஆறியே இருக்கும். வெட்டும்போது தண்ணீர் விடுவதுதான் பொதுவான புகார். தகட்டை முழுக்க வேகவைத்ததும், கீரை சேர்ப்பவர்கள் அதைப் பிழியாமல் போட்டதும்தான் காரணம். பொட்டலத்தில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே தகட்டை எடுங்கள். உறைந்த கீரையைத் துணியில் முறுக்கிப் பிழியுங்கள். ஓவனிலிருந்து எடுத்து 15 நிமிடம் விட்டால்தான் அடுக்கு பிடிக்கும்.

நம்மவர்கள் இடறும் இடம் 'வெஜிடேரியன்'. அங்கே அந்தச் சொல்லில் முட்டை அடக்கம், நம் வீட்டில் அடக்கமில்லை. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரிய வைக்கும் ரெனட் சேர்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. வாங்குபவர் சைவம் என்று எழுதியிருந்தால் முட்டை ஆகுமா என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். வழக்கமான செய்முறையில் இறைச்சி மாடு, சில சமயம் பன்றி சாசேஜ். அதையும் கேட்டே போட வேண்டும்.

இன்னொரு கேள்வி இதைவிட முக்கியம்: வீட்டில் ஓவன் இருக்கிறதா? மோட்டல் அறையில் தங்கியிருக்கும் குடும்பத்திடம் மைக்ரோவேவ் மட்டும் இருக்கலாம். அதில் ஃபாயில் ட்ரே போகாது. அவர்களுக்கு வெந்ததை ஆறவைத்து, துண்டு போட்டு, மைக்ரோவேவ் டப்பாக்களில் கொடுப்பதே சரி. சூடாகக் கொண்டுபோவதானால் கனமான துண்டில் சுற்றி, ஐஸ் போடாத ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. வெளியே 90 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான்.

குறையும் உண்டு. ஒரு ட்ரே ஒரு வேளைச் சாப்பாடு, மிஞ்சினால் இரண்டு. மாதாமாதம் அலமாரி காலியாகும் வீட்டுக்கு இது தீர்வாகாது. உணவு வங்கியும் அரசு உணவு உதவியும் அங்கே வேண்டும். சமைப்பவர் குறைவான ஊர்களில் காத்திருக்கவும் நேரும். பிள்ளைகளைப் பழக்க, சமையலறையில் நேர்மையான வேலை கொடுக்க, இதைவிட நல்ல ஏற்பாடு அரிது என்பேன். ஒரு நிபந்தனை: வாசலில் படம் எடுக்காதீர்கள், 'உங்க வீட்ல சாப்பாடு இல்லையா' என்று பிள்ளை கேட்டுவிடாமல் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள்.

எழுத்து கற்ற பிள்ளைக்கு லேபிள் வேலை: கோதுமை, பால், முட்டை, இறைச்சி எது என்பது, சமைத்த தேதி, பிரிட்ஜில் மூன்று நாலு நாள், 350 டிகிரியில் மூடி அரை மணி நேரம் சூடாக்கவும். சீஸில் ஒட்டாமலிருக்க உள்ளே பேக்கிங் காகிதம் ஒன்று. ஃபாயிலின் மேல் லேபிளை எழுதிவிட்டுப் பிறகு அதை மூடச் சொல்லுங்கள். மூடிய பின் எழுதினால் பேனா முனை ஃபாயிலைக் கிழித்துக்கொண்டு சீஸுக்குள் இறங்கும்.