ஏடிமெகா328பி: தூங்கச் சொன்னால் தூங்குகிறது, எழுந்ததும் உளறுகிறது

பேட்டரியில் ஓடும் வெப்பமானி ஒன்று செய்யப்போவதாகவும், அதற்கு ஏடிமெகா328பி என்ற மைக்ரோகண்ட்ரோலர், அதாவது ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி, இன்னமும் சரிப்பட்டு வருமா என்றும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அக்காவின் காளான் குடிலில் சில ஆண்டுகளாக இந்தச் சிப்தான் வெப்பநிலை பார்க்கிறது. அந்தச் சிப் பொருத்திய எட்டு மெகாஹெர்ட்ஸ் ப்ரோ மினி போர்டு, மூன்று டபுள் ஏ செல், சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் ஒரு 10 கே (கிலோ ஓம்) தெர்மிஸ்டர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும், அளக்கும், மறுபடி படுத்துக்கொள்ளும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு அதற்கான பொறுமை இருக்காது. இதன் ஆழ்ந்த உறக்கம் அபாரமானது. வோல்ட்டை அளந்து எண்ணாக மாற்றும் ஏடிசியை அணைத்து, மின்னழுத்தம் குறைந்தால் ரீசெட் செய்யும் காவலையும் உறக்கத்தில் நிறுத்திவைத்து, குறித்த நேரத்தில் எழுப்பிவிடும் வாட்ச்டாக் கடிகாரம் ஒன்றை மட்டும் விழித்திருக்கச் சொன்னால் சில மைக்ரோ ஆம்பியரோடு திருப்தியடைந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் செல்கள் சிப்பால் தீர்வதைவிட வயதாகித்தான் தீரும்.

ஆனால் வாங்கிய போர்டு அப்படியே இந்த நிலைக்கு வராது. விளக்கு ஒன்று எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். அதன் ரெசிஸ்டரைப் பெயர்த்தெடுக்க வேண்டும். வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டரும் தன் பங்குக்கு மின்சாரம் குடிக்கும். அதையும் எடுத்துவிட்டு செல்லை நேராக விசிசி காலில், அதாவது சிப்புக்கு மின்சாரம் நுழையும் காலில், கொடுக்க வேண்டும். இதோடு முடிந்ததா என்றால் இல்லை. நிரல் எழுத உதவும் ஆர்டுயினோ மென்பொருள் தொடக்கத்திலேயே ஏடிசியை இயக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது. அதை அணைக்காமல் தூங்கவைத்தால், உறக்கத்திலும் 300 மைக்ரோ ஆம்பியர் அளவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். 2000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட செல்கள் அந்த வேகத்தில் ஒன்பது மாதத்தில் காலி. ஒரே ஒரு பிட் செய்யும் வேலை இது.

உறக்க மின்னோட்டத்தை அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் அளவில் வைத்துத் தொடரில் இணைத்தால் சிப் எழவே எழாது. எழ முயன்று ரீசெட் ஆகிக்கொண்டிருக்கும். விழித்த கணத்தில் மில்லி ஆம்பியர் கணக்கில் இழுக்கிறது, மீட்டருக்குள் இருக்கும் ரெசிஸ்டரில் வோல்ட் விழுந்துவிடுகிறது. மீட்டரின் இரு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்து வைத்திருங்கள், சிப் தூங்கியபின் ஒயரை எடுங்கள், எண்ணைப் படித்துவிட்டு அது எழுவதற்குள் திரும்ப இணைத்துவிடுங்கள்.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன்.

இந்தச் சிப்புக்குத் தன் பேட்டரியைத் தானே அளந்துகொள்ளும் வித்தை தெரியும். வெளியே ஒரு பாகமும் வேண்டாம். உள்ளே ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான 1.1 வோல்ட் ஆதாரம் (ரெஃபரன்ஸ்) ஒன்று இருக்கிறது. விசிசியை அளவுகோலாக வைத்து அதை ஏடிசியால் அளந்து, 1.1 ஐ 1023 ஆல் பெருக்கி, வந்த எண்ணால் வகுத்தால் பேட்டரியின் வோல்ட் கிடைத்துவிடும். கேட்கவே இனிக்கும். அந்த 1.1 என்பது சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை எங்கேயும் இருக்கலாம் என்று தயாரிப்பாளரின் தரவுத்தாளே ஒப்புக்கொள்கிறது, சரி. மல்டிமீட்டரை வைத்து ஒருமுறை சரிபார்த்து, அந்தந்தச் சிப்பின் எண்ணை மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ராம் நினைவகத்தில் எழுதிவிட்டால் தீர்ந்தது. அது எரிச்சல் அல்ல, வேலை.

எரிச்சல் என்பது இது: பிற்பகலில் மட்டும் பேட்டரி தீர்ந்ததாக எச்சரிக்கை வரும். இரவில் அதே செல்கள் நல்ல செல்களாகிவிடும். வெயிலில் செல் கெடுகிறது என்றார் அக்கா. மாற்றிப் போட்டால் புதுச் செல்லுக்கும் அதே பழி. மல்டிமீட்டரில் 4.52 வோல்ட் தெரியும்போது சிப் 3.70 என்று சாதிக்கிறது.

ஏடிசி தரும் எண்களை வரிசையாக அச்சிட்டுப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. எழுந்ததும் முதல் எண் 304. அடுத்தது 262. பிறகு 252, 249, 249. சரியான விடை 249. முதல் விடைதான் உளறல். ஏடிசிக்குள் 14 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று இருக்கிறது. அளக்கும் காலின் வோல்ட்டை முதலில் அதில் பிடித்துவைத்துத்தான் எண்ணாக மாற்றும். என் நிரல் தெர்மிஸ்டரை அளந்த கையோடு உள் ஆதாரத்துக்குத் தாவியது. உறக்கத்தில் அணைந்திருந்த அந்த ஆதாரமோ நோஞ்சான். கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் தெர்மிஸ்டர் வோல்ட்டைச் சட்டென்று இறக்க அதனால் முடிவதில்லை. குடில் சூடேறினால் தெர்மிஸ்டர் முனையில் வோல்ட் ஏறும், மிச்சமும் ஏறும், எண் பெரிதாகும், கணக்கில் பேட்டரி இளைத்துப்போகும். பேட்டரியை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு பாதி வெப்பநிலையை அளந்துகொண்டிருந்தது!

மருந்து எளிது. உள் ஆதாரத்தைத் தேர்ந்தெடுத்தபின் இரண்டு மில்லி நொடி பொறுத்து, முதல் சில எண்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் அந்த இரண்டு மில்லி நொடியின் செலவு ஒன்றுமேயில்லை. ஆனால் ஆதாரம் மைக்ரோ நொடிகளில் தயாராகிவிடும் என்று தரவுத்தாள் ஓரிடத்தில் சொல்கிறது. ஏடிசி பற்றிய பகுதியோ, அளவுகோலை மாற்றினால் முதல் எண்ணை நம்பாதே என்கிறது. இரண்டையும் நம்பி ஒரே ஓர் எண்ணைக் கழித்தால் 262 கையில் நிற்கும், அதாவது 4.30 வோல்ட். பார்ப்பதற்கு உண்மை போலவே இருக்கும் பொய்.

இத்தனைக்கும் தெர்மிஸ்டர் அளவில் இந்தச் சிப் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. தெர்மிஸ்டருக்கு மின்சாரம் ஒரு டிஜிட்டல் காலிலிருந்து போகிறது, அளவுகோலும் அதே விசிசி. செல் இளைத்தால் இரண்டும் சேர்ந்தே இளைக்கும், விகிதம் மாறாது. அளந்து முடித்ததும் அந்தக் காலை அணைத்துவிட்டால் உறக்கத்தில் அங்கே ஒரு சொட்டு மின்சாரமும் ஒழுகாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஏடிசிக்கென்றே ஓர் இலேசான உறக்கம் இதில் உண்டு. அதற்குள் நுழைந்ததும் அளவு தானாகத் தொடங்கும், சிபியூ வாயை மூடிக்கொள்ளும், முடிந்ததும் எழுப்பிவிடும். நான்கைந்து எண் அலைந்துகொண்டிருந்த தெர்மிஸ்டர் அளவு இதில் ஒன்றுக்குள் அடங்கியது. அந்த நேரத்தில் மில்லி நொடிக் கடிகாரமும் நின்றுபோகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஆழ்ந்து தூங்கினால் அளவைக் கெடுக்கிற சிப், கண்ணை மட்டும் மூடினால் அளவைத் திருத்துகிறது. கோபித்துக்கொள்வதா கொஞ்சுவதா என்று தெரியவில்லை.

வாட்ச்டாக் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. எட்டு நொடிக்கு மேல் ஒரே மூச்சில் தூங்காது, 38 முறை புரண்டு படுத்தால்தான் ஐந்து நிமிடம். நொடி சுத்தமும் கிடையாது. காளானுக்கு அது பொருட்டில்லை.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். டிஎஸ்18பி20 போல டிஜிட்டலாகவே வெப்பநிலை சொல்லும் சென்சார் ஒன்றை வாங்குங்கள். ஏடிசிப் பக்கமே போகவேண்டாம். விலை கூடுதல், 12 பிட் அளவுக்கு முக்கால் நொடி காத்திருக்க வேண்டும், சந்தையில் போலிகளும் நிறைய. இருந்தாலும் அதுவே மேல்.

அக்கா இரண்டாவது குடில் போடுகிறார். அதற்கு ஏடிமெகா328பியைத்தான் எடுத்துவைத்திருக்கிறேன், விளக்கின் ரெசிஸ்டரைப் பெயர்த்தாகிவிட்டது.