திராட்சைக் கொடிகளுக்கு நடுவே சைக்கிள்: பர்கண்டியா, அல்சாஸா, போர்டோவா?

பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களுக்குள் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் "எந்தப் பக்கம் அழகு?" என்பதாகத்தான் இருக்கும். எல்லாப் பக்கமும் அழகுதான். நான் கேட்பது வேறு: அந்தப் பாதையை யாருக்காகப் போட்டார்கள்? தோட்டத்தில் பாடுபடுகிறவர்களுக்காகவா, ஊர் பார்க்க வருகிறவர்களுக்காகவா, ஒரு காலத்தில் ஓடிய ரயிலுக்காகவா? எத்தனை கார் எதிரே வரும், கொடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்குமா என்பதெல்லாம் இதைப் பொறுத்தே அமைகிறது. பர்கண்டி, அல்சாஸ், போர்டோ மூன்றையும் இந்தக் கேள்வியோடுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

பர்கண்டியில் நான் சொல்லும் பகுதி போன் நகரத்திலிருந்து தெற்கே சான்த்னே வரை போகும் 22 கிலோமீட்டர் சொச்சம். பெயரே 'கொடிகளின் பாதை' என்றுதான். பொமார், வொல்னே, மெர்ஸோ, ப்யூலின்யி-மோன்ராஷே என்று ஒயின் உலகமே மரியாதையோடு உச்சரிக்கும் ஊர்கள் வரிசையாக வரும். ஆனால் பாதை அந்தப் பெருமைக்காகப் போட்டதல்ல. டிராக்டரும் கூலியாட்களும் போய்வருகிற தோட்டத்துச் சந்துகளைச் சேர்த்துக் கோர்த்து, சைக்கிளுக்கு வழிகாட்டிப் பலகை நட்டிருக்கிறார்கள். சில இடத்தில் தார், சில இடத்தில் சிமென்ட். லாரியும் காரும் கீழே டி 974 சாலையில் போய்விடுகின்றன. மேலே நமக்கு மிஞ்சுவது வானம்பாடியும், தூரத்தில் கொடி கத்தரிக்கும் சத்தமும்.

இந்தச் சரிவின் அமைப்பு சைக்கிளில் போனால்தான் உடம்புக்குப் புரிகிறது. கிழக்கு பார்த்த ஒல்லியான மலைச்சரிவு அது. உச்சியில் காடு, அடிவாரத்தில் சமதளம். உச்சியில் மண் மெலிந்து குளிர் கூடும், அடியில் தண்ணீர் தேங்கும். அதனால் உயர்ந்த ரகத் தோட்டங்கள் நடுச்சரிவில்தான் இருக்கின்றன. நீங்கள் பெடல் மிதிக்கும் சந்துக்கு இடப்பக்கம் விளைவது ஒரு விலை, வலப்பக்கம் விளைவது அதைப்போல் பல மடங்கு விலை. நடுவில் இருப்பது முழங்கால் உயரக் கல்சுவர், சில இடத்தில் அதுவும் கிடையாது. இப்படிப் பெயரும் எல்லையும் கொண்ட துண்டு நிலங்களை அங்கே 'க்ளிமா' என்பார்கள். 2015-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காரில் போகிறவருக்கு இது வெறும் பச்சை. மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவருக்கு மண்ணின் நிறம் மாறுவதுகூடத் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. நிழல் என்ற பேச்சே கிடையாது. கொடி இடுப்பு உயரம்தான், ஜூலை மதியத்தில் தலை காய்ந்துவிடும். ஏற்றங்கள் சின்னவை என்றாலும் ஓயாதவை. வொல்னே ஊரே மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. கொடி வரிசைக்கு மேலாகக் கால் அகட்டி நிற்கும் உயரமான டிராக்டர்கள் இந்தச் சந்துகளில்தான் வரும். வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும், அது அவர்கள் வேலை செய்யும் இடம். மே, ஜூன் காலைகளில் மருந்து தெளிப்பார்கள், அப்போது காற்று வரும் பக்கம் நின்று அவர்கள் முடித்த பின் நகர்வதே நல்லது.

அல்சாஸின் கதை நேர் எதிர். அங்கே ஒயின் சாலை என்பதே 1953-ல் பயணிகளுக்காக அறிவிக்கப்பட்டது. வடக்கே மார்லென்ஹைமிலிருந்து தெற்கே தான் என்ற சிற்றூர் வரை சுமார் 170 கிலோமீட்டர். சைக்கிளுக்கான தடம் அதை ஒட்டி, தோட்டச் சந்துகளும் பழைய வழிகளுமாக, தனியாகப் போகிறது. தடத்தில் ஓட்டும்போது அமைதிதான். பிரச்சினை ஊருக்குள் நுழையும்போது. ரிக்விர், எகிஷைம், கைசர்ஸ்பெர்க் மூன்றும் மரச்சட்டம் போட்ட வண்ண வீடுகளும் கூரைமேல் நாரைக்கூடும் கொண்டவை. எகிஷைமின் தெருக்கள் வெங்காயத்தை வெட்டியதுபோல் வட்டத்துக்குள் வட்டமாக ஓடும். இந்த அழகைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக ஆட்கள் வருகிறார்கள். கோடையில் பதினொரு மணிக்கு மேல் ரிக்விர் தெருவில் சைக்கிளை உருட்டத்தான் முடியும், ஓட்ட முடியாது. டிசம்பர் கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்தில் கேட்கவே வேண்டாம்.

இதற்காக அல்சாஸை ஒதுக்கிவிடாதீர்கள். வடபாதியில் பார், மிட்டல்பெர்கைம், தம்பாக் பக்கம் கூட்டம் பாதிகூட இருப்பதில்லை. வீடுகள் அதே வீடுகள், ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினும் அதே ஒயின். அல்சாஸுக்கு இன்னொரு பலம் வானிலை. மேற்கிலிருந்து வரும் மழையை வோஜ் மலைத்தொடர் வாங்கிக்கொள்வதால் அதன் மறைவில் இருக்கும் கோல்மார் பிரான்ஸின் மிக வறண்ட நகரங்களில் ஒன்று. அக்டோபரில் மற்ற இடங்களில் மழைக்கோட்டோடு ஓட்டும்போது இங்கே வெயிலில் ஓட்டலாம், மஞ்சளாகும் இலைகளையும் பார்க்கலாம். ஏற்ற இறக்கம் பர்கண்டியைவிடக் கூடுதல், நல்ல கியர் உள்ள சைக்கிள் வேண்டும்.

போர்டோவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நகரிலிருந்து தென்கிழக்கே கிரெயோன் வழியாகச் சோவ்தேர் வரை, ஏறக்குறைய 55 கிலோமீட்டர், பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட பாதை இருக்கிறது. ரோஜே லப்பெபியின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1937-ல் டூர் டி பிரான்ஸை வென்றவர் அவர். கியர் மாற்றும் டிரெயிலியர் கருவியை அந்தப் பந்தயத்தில் அனுமதித்த முதல் ஆண்டு அதுதான். ரயில் ஏறிய தடமாதலால் சரிவு மிக மென்மை. குறுக்குச் சாலைகளைக் கடக்கும் இடங்கள் தவிர கார் தொல்லை கிடையாது, மரநிழல் வழி நெடுக உண்டு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் கார் என்றால் பயப்படுகிறவர்களுக்கும் இதைவிட நல்ல தடம் இந்த மூன்றில் இல்லை. ஆனால் ரயில் பள்ளம் வெட்டி, மரம் சூழப் போனது. பல கிலோமீட்டருக்குக் கண்ணில் படுவது இலைகளால் ஆன சுரங்கம்தான். திராட்சையைப் பார்க்கத் தடத்தைவிட்டு இறங்கிச் சிறு சாலைகளில் சுற்ற வேண்டும். திராட்சைக்காக இவ்வளவு தூரம் வந்தவனுக்கு அது மனக்குறையாகவே இருக்கும்.

ரயில் தடம்தான் பிடிக்கும் என்றால் அதற்கும் பர்கண்டியிலேயே வழி இருக்கிறது. ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், 1997-ல் திறந்தது. கொடிகள் அங்கே ஓரளவு பக்கத்திலேயே வரும், முடிவில் 910-ல் நிறுவிய க்ளூனி மடத்தின் மிச்சம் நிற்கும்.

ஆக என் ஓட்டு பர்கண்டிக்கு, தயக்கமில்லாமல். மேலே சொன்ன வெயிலையும் டிராக்டரையும் கணக்கில் வைத்துத்தான் சொல்கிறேன். மற்ற இரண்டிலும் திராட்சை ஒரு காட்சி. போன்-சான்த்னே சந்தில் மட்டும் நாம் அதன் அன்றாடத்துக்குள் நடமாடுகிறோம், கத்தரிப்பவர் நிமிர்ந்து "போன்ஷூர்" சொல்கிறார், நாமும் சொல்கிறோம். அந்த ஒரு வார்த்தைக்காகவே மறுபடி போகலாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை சிற்றூர்க் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், ரொட்டியைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். வாசல் அருகே பெரும்பாலும் குழாய் இருக்கும், பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லோரும் செய்வது இது. குடிக்க உகந்ததல்ல என்று பலகை இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். ஒயின் ருசி பார்க்கும் இடத்தில் வாயில் கொப்பளித்துத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது அவமரியாதை ஆகாது. காரோட்டிக்கு உள்ள மது அளவு வரம்பு சைக்கிள்காரருக்கும் உண்டு. செப்டம்பர் அறுவடை நேரத்தில் சந்துகளில் வேன்களும் சேறும் சேரும். அமைதி வேண்டுமென்றால் மே மாதம் போங்கள், இல்லையேல் அறுவடை முடிந்த அக்டோபர்.

போன் நகருக்கு தீஜோனிலிருந்து வட்டார ரயிலில் இருபது நிமிடம் சொச்சம், சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். சான்த்னேயிலிருந்து கால்வாய்க் கரையோடு போனால் ஷாஞி என்ற ஊர் பக்கத்தில்தான், அங்கும் அதே ரயில் பாதையில் நிலையம் உண்டு. அதனால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. காலையில் காற்று தெற்கிலிருந்து வீசுகிறதா என்று பாருங்கள். வீசினால் போன் நிலையத்தில் இறங்காமல் ஷாஞி வரை போய், அங்கிருந்து வடக்கே ஓட்டுங்கள்.