22ஆம் சைஸ்னு சொல்லி 16ஐ தலையில கட்டிட்டாங்க, ட்ரவுட் பிடிக்கப் போறவங்க பாத்து வாங்குங்க

மக்களே, ஃப்ளை ஃபிஷிங் (தூண்டி முள்ளுல நூல், இறகு சுத்தி பூச்சி மாதிரி கட்டுன போலி இரை, அதான் ஃப்ளை, அத வீசி மீன் பிடிக்கறது) சாமான் வாட்ஸ்அப்ல போட்டோ பாத்து ஆர்டர் போடுதவங்க இதப் படிச்சிட்டு அப்புறம் பணம் அனுப்புங்க. கடை பேரு இங்க எழுதல, நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் குடுத்திருக்கேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

நான் பாளையங்கோட்டை. குறுக்குத்துறை படித்துறைல உக்காந்து மண்புழு கோத்து கெண்டை பிடிச்சு வளந்தவன். ட்ரவுட் நம்ம ஆத்துல கெடையாது, அதுக்கு எப்பவும் சில்லுனு இருக்க தண்ணி வேணும், வெள்ளக்காரன் காலத்துல ஊட்டி, மூணாறு பக்கம் கொண்டாந்து விட்ட மீன் அது. அதனால வருஷத்துக்கு ஒரு தடவ நானும் மச்சானும் லீவு சேத்து வச்சி ராஜபாளையம், தேனி, போடிமெட்டு வழியா மூணாறுக்கு போவோம், முறையா பெர்மிட் போட்டுத்தான்.

போன வருஷம் வெறுங்கையோட வந்தோம். மீன் இல்லாம இல்ல, கண்ணு முன்னாடி மேல வந்து தின்னுக்கிட்டே இருந்துச்சு, ஆனா அது தின்னது கொசு மாதிரியே இருக்க கடிக்காத பூச்சி, எள்ளைவிட கொஞ்சம் பெருசு அவ்வளவுதான். அந்த ஒரே பூச்சி தண்ணி பூரா மிதக்கும்போது ட்ரவுட் வேற எதையும் ஏறெடுத்துப் பாக்காது, அளவு கொஞ்சம் கூடினாலும் கிட்ட வந்து பாத்துட்டு திரும்பிரும். அதனால இந்த தடவ 22ஆம் நம்பர் ஃப்ளைதான் வேணும்னு முடிவு பண்ணோம். தெரியாதவங்களுக்கு சொல்லுதேன், முள்ளு நம்பர் கூடக் கூட முள்ளு சின்னதாகும், 22ங்கிறது 16ஐவிட ரொம்பப் பொடிசு. அந்த முள்ளுக் கண்ணுல நுழையுறதுக்கு தங்கூசியும் (ஃப்ளைய கட்டுத நரம்பு) மெல்லிசா 7 எக்ஸ் வேணும், அதுலயும் நம்பர் கூடினா நரம்பு மெல்லிசு.

அந்தக் கடைக்காரர்ட்ட போன்லயே ரெண்டு தடவ கேட்டேன், "22தானே, 7 எக்ஸ்தானே"ன்னு. "அண்ணாச்சி, நானே கட்டுனது, கண்ண மூடிட்டு வாங்குங்க"ன்னாரு. 36 ஃப்ளை ஒண்ணு 110 ரூபாய்க்கு, தங்கூசி ரெண்டு உருளை 450 வீதம், ஆக 4,860 ரூபாய் முழுசும் முன்னாடியே ஜிபேல அனுப்பிட்டேன். பார்சல் கெளம்புறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து சேந்துச்சு, சரிபாக்க நேரமே இல்ல.

மூணாறுல காலைல ஏழு மணி, பனி இன்னும் தண்ணி மேல கெடக்கு, பாறைக்கு கீழ ஒரு மீன் மூக்க மட்டும் வெளிய நீட்டி உறிஞ்சுது, சத்தமே இல்ல, ஒரு சின்ன வட்டம் விரிஞ்சு போகுது, நிமிசத்துக்கு நாலஞ்சு தடவ. கை நடுங்க ஃப்ளைய எடுத்து கட்டப் போனா முள்ளுக் கண்ணுல பசை அடைச்சுக் கெடக்கு. அடுத்ததும் அப்படித்தான். ஊசி வச்சி குத்திக் குத்தி ஒண்ண சரி பண்ணி வீசுனேன். மீனு வந்துச்சு, ஃப்ளைக்கு கீழயே ஒரு சாண் தூரம் கூடவே பின்னாலயே நகந்துச்சு, அப்படியே முங்கிருச்சு. இப்படி எத்தன தடவைன்னு எண்ணல. நரம்பு தடிமனா இருந்தா பொடி ஃப்ளை தண்ணி போற போக்குல போகாது, நரம்பு இழுக்குற பக்கம் கோடு போட்டு போகும், அந்தக் கோட்ட பாத்த ட்ரவுட் தொடவே தொடாது. மத்தியானம் ஒரு மீனு எப்படியோ கவ்வுச்சு, மச்சான் கம்பத் தூக்குனான், ரெண்டு நொடிதான், லேசாயிட்டு. எடுத்துப் பாத்தா முள்ளு நிமிந்து குண்டூசி மாதிரி நேரா நிக்கி. பதம் வைக்காத கம்பி.

ஊருக்கு வந்து சும்மா இருக்க முடியல. தெருவுல நகை ஆசாரி கண்ணுல மாட்டுத லென்ஸ வாங்கிப் பாத்தேன். கூட்டாளி ஒருத்தர் சொந்தமா ஃப்ளை கட்டுதவரு, அவரு டப்பாவுல இருந்து 22, 20, 18, 16 எல்லாம் ஒவ்வொண்ணு எடுத்து வெள்ளத் தாள்ல வரிசையா வச்சோம், என் முள்ளு அச்சு அசலா 16 மேல போய் உக்காருது. கம்பெனிக்கு கம்பெனி முள்ளு அளவு கொஞ்சம் மாறும்தான், அதுக்காக மூணு சைஸா மாறும்? தங்கூசிய பேட்டைல லேத் பட்டறைல ஸ்க்ரூ கேஜ்ல வச்சா 0.15 மி.மீ. 7 எக்ஸ்னா 0.10 பக்கம் இருக்கணும், 0.15ங்கிறது 5 எக்ஸ். உருளைல ஒட்டியிருந்த ஸ்டிக்கர நகத்தால நெமுண்டுனா அடியில பழைய ஸ்டிக்கர், அதுல 5 எக்ஸ்னே அச்சடிச்சிருக்கு. எனக்கு வயிறு எரிஞ்சுது, இது தெரியாம நடந்த தப்பு இல்ல, வேணும்னே மேல ஒட்டுன ஸ்டிக்கர்.

போட்டோ எல்லாம் அனுப்பிக் கேட்டதுக்கு, "நூல் சுத்துனா பெருசாத்தான் தெரியும் அண்ணாச்சி"ன்னாரு. நூல் சுத்துனா உடம்பு தடிக்கும், முள்ளோட வாய் அகலம் எப்படி கூடும்? அடுத்து "மீனுக்கு அம்புட்டு கண்ணு தெரியாது"ன்னாரு. அப்புறம் "அடுத்த ஆர்டர்ல கழிச்சிக்கிடலாம்". அதுக்கப்புறம் என் மெசேஜுக்கு நீல டிக்கே வரல.

முழுப் பணத்த முன்னாடி அனுப்பாதீங்க. ஃப்ளைய ஸ்கேல் பக்கத்துல வச்சி போட்டோ கேளுங்க, ஸ்டிக்கருக்கு அடியில பாருங்க. கைக்கு வந்ததும் ரெண்டு ஃப்ளைய கார்க்ல குத்தி இழுத்துப் பாருங்க, வளைஞ்சு குடுத்துச்சுன்னா அன்னைக்கே திருப்பி அனுப்புங்க, மலையேறுன பிறகு ஒண்ணும் பண்ண முடியாது.

36ல இன்னும் 29 என்கிட்ட இருக்கு, அந்த ரெண்டு உருளையும் ஸ்டிக்கரோட பத்திரமா வச்சிருக்கேன். பாளை, நெல்லை பக்கத்துல யாராவது இதே மாதிரி "நானே கட்டுனது"ன்னு வாங்கியிருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, ஒண்ணா வச்சிப் பாத்துருவோம், உங்க பில்லும் இருந்தா புகாரோட சேத்துக் குடுக்கேன்.