மேடையோரம் நிற்பவரின் காதுக்கு ஒரு துணை: எடிமோட்டிக் ஈஆர்20எக்ஸ்எஸ் காதடைப்பான்

கச்சேரி மேடைகளில் ஒலியமைப்பு வேலை பார்ப்பவர்கள் மைக்குக்கும் கேபிளுக்கும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடத் தங்கள் காதுக்குக் காட்டுவதில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். ஒரு கோயில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி முடிந்து, பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு, விடியற்காலையில் வீடு வந்து படுத்தபோது, மின்விசிறியை நிறுத்திய பிறகும் காதுக்குள் ஒரு மெல்லிய விசில் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் மாலை வரை அது அடங்கவில்லை. அந்தப் பயத்தில்தான் இந்தக் காதடைப்பானை வாங்கினேன். இப்போது இது சட்டைப்பையில் இல்லாமல் நான் மேடைப்பக்கம் போவதில்லை.

பயம் வீணானதன்று. 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்றும் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம்தான். டிரம்ஸுக்கும், கலைஞர்கள் தங்கள் ஒலியைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்பவருக்கு அந்த அளவு ஒலி அரிதன்று. கச்சேரியோ மூன்று மணி நேரம் நடக்கிறது. சத்தம் தாங்காத ரசிகர் பின்வரிசைக்கு நகர்ந்துவிடலாம், நாங்கள் நகர முடியாது.

முதலில் மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பானைத்தான் பயன்படுத்திப் பார்த்தேன். காது தப்பியது, வேலை கெட்டது. திறந்த காதுக்குழாய் 2,700 ஹெர்ட்ஸ் அருகே ஒலியை இயல்பாகவே கூட்டித் தருகிறது. அதை முழுதாக அடைத்தால் அந்தக் கூட்டல் போய்விடுவதோடு, பஞ்சு கனத்த கீழ் ஒலிகளைவிடக் கூரிய மேல் ஒலிகளை அதிகமாக விழுங்குவதால், பாடகரின் சொற்கள் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மழுங்கிவிடுகின்றன. ஈஆர்20எக்ஸ்எஸ் எல்லா ஒலிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இதன் அருமையை எனக்குக் காட்டியது தவில்தான். அதன் வலப்பக்கமான வலந்தலையில் விரலில் மாட்டும் விரற்கூடு விழும் கூரிய ஓசையும், இடப்பக்கமான தொப்பியில் கழி விழும் கனத்த ஓசையும், இதை அணிந்த பிறகும் தனித்தனியே தெளிவாகக் கேட்டன. யாரோ ஒலியின் அளவை மட்டும் கையால் தணித்து வைத்ததுபோல் இருந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெயரில் 20 இருந்தாலும், அமெரிக்க விதிப்படி பெட்டியில் அச்சிடப்படும் ஒலிக்குறைப்பு மதிப்பு 13 டெசிபல்தான். சரியாகப் பொருத்தினால் நல்ல நுரைப்பஞ்சு இதைவிட அதிகமாகத் தடுக்கும். ஆகவே பட்டாசு வெடிக்கும் இடத்திலோ ஜெனரேட்டர் பக்கத்திலோ இதை நம்பி நிற்கக் கூடாது. மூன்றடுக்கு மென்முனையைக் காது மடலை மேலே பின்னோக்கி இழுத்துக்கொண்டு நுழைக்க வேண்டும். அரைகுறையாகச் செருகினால் வாங்கியதே வீண். எந்த அடைப்பானிலும் நேர்வதுபோல், பேசும்போது நம் குரலே மண்டைக்குள் முழங்கும். உதவியாளரிடம் கத்துவதாக நினைத்து முணுமுணுத்த நாட்கள் எனக்கு உண்டு. இருவரும் கைச்சைகை பழகிக்கொண்ட பிறகு அந்தச் சிக்கல் தீர்ந்தது.

சபாவில் மைக் குறைவாக வைத்துக் கேட்கும் கர்நாடக இசைக் கச்சேரிக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. மெல்லிசைக் குழுவிலோ திறந்தவெளித் திரையிசை நிகழ்ச்சியிலோ வேலை பார்க்கும் தம்பி தங்கைகள், முதல் சம்பளம் கைக்கு வந்ததும் இதை வாங்கிவிட வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தொழிலில் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காது, பேசிய கூலி சில நேரம் மாதங்கள் கழித்தே வரும், ஊர் உறங்கும்போது நாம் கேபிள் சுற்றிக்கொண்டிருப்போம். அத்தனைக்கும் ஈடாக எனக்குக் கிடைப்பது, மைதானம் முழுக்க ஒரு பல்லவியைச் சேர்ந்து பாடும்போது பாடகர் மைக்கைக் கூட்டத்தை நோக்கித் திருப்பும் அந்தக் கணம். அப்போது மட்டும் ஒரு காதிலிருந்து அடைப்பானை எடுத்துவிட்டுக் கேட்பேன். நான்கு வரி முடிந்ததும் மீண்டும் அணிந்துகொள்வேன்.