வன்னியிலிருந்து உல்லாசக் கப்பலுக்கு: தடுப்பூசியும் வீட்டுத் தொடர்பும், பல ஆண்டு அனுபவம்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது உல்லாசக் கப்பல் வேலை பற்றி நிறைய விசாரிக்கிறார்கள். சம்பளம், வேலை நேரம், விசா எல்லாவற்றையும் ஏஜென்சிக்காரர்கள் விளக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். என்னென்ன ஊசி போட வேண்டும், கப்பலில் இருந்து வீட்டோடு எப்படிக் கதைப்பது என்று கேட்டால் மட்டும் "அது பெரிய பிரச்சினை இல்லை, பிறகு பார்க்கலாம்" என்ற பதில்தான் வருகிறது. நான் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் வேலை செய்கிறேன். கோவிட்டுக்கு முந்திய காலத்தையும் பிந்திய காலத்தையும் கடலில் பார்த்தவன். இந்த இரண்டையும் கப்பல் ஏறிய பிறகு சரிசெய்வது கடினம், ஊரில் இருக்கும்போதே செய்து முடித்துவிட வேண்டும் என்பதுதான் என் அனுபவம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஊசி. எங்கள் கம்பனி ஊழியர்களிடம் கேட்பது சின்னமுத்து (மீசில்ஸ்), கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசி, கொப்புளிப்பானுக்கான (சிக்கன்பொக்ஸ்) எதிர்ப்புச் சக்தி, மஞ்சள் காய்ச்சல் ஊசி ஆகியவற்றின் ஆதாரம். கம்பனிக்குக் கம்பனி இந்தப் பட்டியல் மாறும். சமையலறைக்குப் போகிறவர்களிடம் தைபோயிட், ஹெபடைடிஸ் ஏ ஊசிகளையும் சில கம்பனிகள் கேட்கின்றன. வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய வேலை இல்லை. பிறந்ததில் இருந்து போட்ட ஊசிகளெல்லாம் எழுதிய சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை அலுமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

நம்மிடம் அந்தப் புத்தகம் இல்லை. 2008, 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது எத்தனை வீட்டில் பிள்ளைகளின் கிளினிக் கார்டு மிஞ்சியது? முள்ளிவாய்க்காலைத் தாண்டி வந்தவர்கள் உயிரோடு வந்ததே பெரிது. பிறகு செட்டிக்குளம் முகாமில் கொடுத்த துண்டுகளும் பலரிடம் இப்போது இல்லை. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் கேட்டுப் பார்க்கலாம், குடும்பநல உத்தியோகத்தர்கள் தேடித்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் காலப் பதிவேடுகளே பல இடங்களில் அழிந்துபோன பிறகு அவர்களால் என்ன செய்ய முடியும்? எனக்கும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. "சின்ன வயதில் போட்டதுதான், எனக்கு நல்ல ஞாபகம்" என்று அம்மா சொல்வதைக் கப்பல் மருத்துவர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

இதற்கு வழி உண்டு, பயப்பட வேண்டாம். ஒன்று, இரத்தப் பரிசோதனை. சின்னமுத்து, ருபெல்லா, கொப்புளிப்பான் ஆகியவற்றுக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ஐ.ஜி.ஜி. பரிசோதனையில் தெரியும். இருந்தால் அந்த அறிக்கையையே ஆதாரமாக ஏற்கிறார்கள். கொப்புளிப்பான் வந்து மாறியவர்களுக்கு இது நல்ல வழி. மற்றது, எம்.எம்.ஆர். ஊசியைப் புதிதாகவே போட்டுக்கொள்வது. ஏற்கெனவே போட்டிருந்தாலும் மறுபடி போடுவதால் கெடுதல் இல்லை. இரண்டு ஊசி, இடையில் குறைந்தது 28 நாள் இருக்க வேண்டும். எனக்குத் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் கிடைத்தது.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல். இந்த நோய் நம் நாட்டில் இல்லை. தென்னமெரிக்காவிலும் ஆபிரிக்காவிலும் நுளம்பால் பரவுவது. கப்பல் பிரேசில், கொலம்பியா பக்கம் போனால் கம்பனி சான்றிதழ் கேட்கும். அந்த நாடுகளில் இருந்து இலங்கைக்குத் திரும்பி வரும்போதும் அதைக் காட்டச் சொல்லும் சட்டம் இங்கே இருக்கிறது. கொழும்பு பொரளையில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் போடுகிறார்கள். கிளிநொச்சியில் இருந்தோ முல்லைத்தீவில் இருந்தோ இரவு பஸ் எடுத்தால் விடியக் கொழும்பில் நிற்கலாம். ஆனால் எந்த நாளில் போடுகிறார்கள், முன்பதிவு வேண்டுமா என்று முதலே போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். சும்மா போய்த் திரும்பி வரும் தூரம் இல்லை. ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை 11க்குப் பிறகு அது ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும் என்று உலக சுகாதார அமைப்பின் விதி மாறிவிட்டது. பத்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை.

சான்றிதழில் பெயர் கடவுச்சீட்டில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே பாருங்கள். நம் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னால் வரும், பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. வெளியில் வந்த பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். சான்றிதழ் எழுதித் தரும் அந்த மஞ்சள் நிறப் புத்தகத்தின் அசல்தான் வேண்டும், போனில் இருக்கும் படம் போதாது.

இனி, யாரும் எனக்குச் சொல்லாத ஒரு விஷயம். எம்.எம்.ஆரும் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தவை. அப்படிப்பட்ட இரண்டு ஊசிகளை ஒரே நாளில் போடலாம், இல்லாவிட்டால் இடையில் நான்கு வாரம் விட வேண்டும். இந்த இடைவெளி, எம்.எம்.ஆர். இரண்டுக்கும் இடையிலான 28 நாள், சான்றிதழ் செல்ல வேண்டிய 10 நாள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். விமானச் சீட்டு வந்த பிறகு தொடங்கினால் எப்படியும் முடியாது. இரண்டு, மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வேறு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கப்பல்காரர் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்கள் என்று சிலர் கோபப்படுகிறார்கள். கீழ்த்தளத்தில் ஒரு அறைக்கு இரண்டு பேர், ஒரே சாப்பாட்டு மண்டபம், ஒரே படிக்கட்டு. 2019இல் ஒரு ஊழியருக்குச் சின்னமுத்து என்று தெரிந்ததும் ஃபிரீவிண்ட்ஸ் என்ற கப்பலில் இருந்தவர்களை செயின்ட் லூசியா தீவில் இறங்க விடவில்லை. அதே ஆண்டில்தான் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. 2023இல் இங்கேயே மறுபடி வந்தது. ஆகவே அந்தக் கேள்வி நியாயமானதுதான். கப்பலில் அடிக்கடி வரும் வயிற்றோட்டத்துக்குக் காரணமான நோரோ வைரசுக்குத்தான் ஊசி இல்லை. அதற்குக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதுதான் முக்கிய வழி. கையில் தேய்க்கும் சனிடைசர் அந்தக் கிருமியிடம் அவ்வளவு எடுபடாது.

கோவிட் ஊசி விதிகள் இப்போது பெரும்பாலும் தளர்ந்துவிட்டன. ஆனால் அந்தக் காலத்தை நான் மறக்கவில்லை. 2020 பெப்ரவரியில் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலை மறித்து வைத்தபோது அதில் 3,711 பேர் இருந்தார்கள், 712 பேருக்குத் தொற்று. அதே ஆண்டு ஏப்ரலில் எம்.எஸ்.சி. மக்னிஃபிகா கொழும்புக்கு வெளியே வந்து நின்றபோது அதில் வேலை செய்த ஒரு இலங்கையரைக் கடற்படை போய் இறக்கி வந்தது. அந்தச் செய்தியை எங்கள் வீட்டில் எத்தனை தடவை பார்த்திருப்பார்கள்!

இனி வீட்டோடு கதைப்பது. முந்தி கப்பல் இணையம் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிகள் வழியாகத்தான் வந்தது. "அம்மா" என்று சொல்லி, அது போய்ப் பதில் வருவதற்குள் அடுத்த சொல்லைச் சொல்லிவிடுவோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைப்போம், பிறகு இரண்டு பேரும் பேசாமல் நிற்போம். நிமிடக் கணக்கில் கார்டு வாங்க வேண்டும், விலையும் கூட. அதனால் துறைமுகம் வரும்வரை காத்திருப்போம். புளோரிடாவில் போர்ட் எவர்கிளேட்ஸ் போன்ற இடங்களில் கடலோடிகளுக்கென்று இருக்கும் நிலையங்களில் இலவச வைஃபை கிடைக்கும். அங்கே ஒரு கதிரை பிடித்து வீட்டுக்கு எடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த நிலையங்களை நடத்துகிறவர்களுக்கு என் நன்றி எப்போதும் உண்டு.

2022இன் பிற்பகுதியில் இருந்து பெரிய கம்பனிகள் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையத்துக்கு மாறத் தொடங்கின. அந்தச் செய்மதிகள் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில்தான் சுற்றுகின்றன. இப்போது நடுக்கடலில் நின்று மகளின் முகத்தைத் தெளிவாகப் பார்க்கிறேன். கீழ்த்தள அறைகளில் சில மூலைகளில் வராது, நடைபாதைக்கு வந்தால் வரும். இன்னும் காசுதான், ஆனால் வட்ஸ்அப் மட்டும் பாவிக்கும் சிறிய பொதி எங்கள் கப்பலில் கட்டுப்படியாகிறது. கப்பல் ஏறியதும் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி வைஃபையை மட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சிம் கப்பலின் கைத்தொலைபேசி வலையமைப்பில் தானாக ஒட்டிக்கொண்டு ரோமிங் கட்டணம் ஏறிவிடும். கனடாவில், லண்டனில் இருந்து பயணிகளாக வரும் நம் உறவுகளுக்கும் இதுதான் நான் முதலில் சொல்வது.

ஆக, கப்பல் பக்கம் சரியாகிவிட்டது. வீட்டுப் பக்கம்தான் சிக்கல். முல்லைத்தீவின் உள் கிராமங்களில் சிக்னல் இன்னும் ஒரு கோடு, இரண்டு கோடுதான். கதை நடுவில் வீட்டில் டேட்டா முடிந்துவிடும். நான் செய்தது இதுதான்: முகப்பில் உயரமாக வெளியே பொருத்தும் அன்ரெனாவோடு ஒரு ரவுட்டர், அதற்கு மாதப் பொதி. இலவச இரவு டேட்டா நமக்கு உதவாது, நாம் கதைக்கும் நேரம் அங்கே பகல். குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் வரும் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்தி வையுங்கள், பாதி டேட்டா அதில்தான் போகிறது. அம்மாவுக்கு எழுத்து வாசிப்பது கஷ்டம், அதனால் குரல் பதிவு. சிக்னல் இல்லாத நேரத்தில் அனுப்பினாலும் பிறகு போய்ச் சேரும். அவர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று மனைவி சொல்வாள்.

நேரக் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கப்பல் மயாமி நேரத்தில் ஓடினால் கோடையில் நமக்கும் அங்கேக்கும் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை. கோடையில் இரவு பத்து மணிக்கு வேலை முடித்து எடுத்தால் வீட்டில் காலை ஏழரை, மகள் பள்ளிக்கூட வாசலில். குளிர்காலத்தில் அந்த நேரம் சரிவராது. காலை ஆறு மணிக்கு, வேலைக்கு இறங்க முன் எடுத்தால் வீட்டில் மாலை நாலரை, அவள் வந்து சாப்பிட்டு இருப்பாள். நாங்கள் நவம்பரில் நேரத்தை மாற்றுகிறோம், மார்ச்சில் மறுபடி மாற்றுகிறோம். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் இரவுக்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. தங்கச்சி கோயில் வீதியில் நின்று போனைத் தூக்கிப் பிடிப்பாள், நான் எங்கே நின்றாலும் ஓய்வு கேட்டு வாங்கிவிடுவேன்.

ஏன் இவ்வளவு பார்க்கிறேன் என்றால், நம் ஊரில் ஒருவரிடம் இருந்து செய்தி வராமல் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் உட்கார்ந்த தாய்மார் இருக்கும் இடம் இது. கடலில் இருப்பவன் இரண்டு நாள் எடுக்காவிட்டால் இங்கே ஒரு தாய் சாப்பிட மாட்டாள். அதனால் கடல் கொந்தளிப்பு, இணையக் கோளாறு, வேலை நெருக்கடி எதுவென்றாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். "வியாழன் வரை எடுக்க மாட்டேன்" என்று ஒரு வரி போதும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நிலைமை தலைகீழானது. என் கையில் வேகமான இணையம், வீட்டு போன்கள் எல்லாம் நின்றுவிட்டன. என்ன எடுத்தாலும் ஒரே ஒலிதான். கடைசியில் அயல் வீட்டுப் பொடியன் மோட்டார் சைக்கிளில் சிக்னல் இருக்கும் இடம்வரை போய், "எல்லாரும் சுகம், கிணற்றடிவரைதான் வெள்ளம்" என்று அனுப்பினான். அதற்குப் பிறகு வேறு வேறு நிறுவனங்களின் இரண்டு சிம், ஒரு பவர் பாங்க், வேறு மாவட்டத்தில் ஒரு உறவினர் என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். வீட்டில் ஏதாவது நடந்தால் கப்பலுக்குச் சொல்லக் கம்பனியின் அவசர இலக்கம், கப்பலின் பெயர், என் ஊழியர் இலக்கம் மூன்றையும் சுவரில் ஒட்டி இருக்கிறது. பல ஏஜென்சிகள் இந்த இலக்கத்தைக் கேட்டால்தான் தருகிறார்கள், கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன் ஊழியர் இணையத்துக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, நியாயமாக முடிந்த அளவுக்கு ஊழியர்களுக்கு இணையத் தொடர்பு கொடுக்க வேண்டும், கட்டணம் எடுத்தால் அது நியாயமான அளவில் இருக்க வேண்டும். இது தெரிந்து கேட்கிறவனுக்கு அவர்கள் பதில் சொல்லும் விதமே வேறு.

மனைவியின் தம்பி இப்போது புறப்பட ஆயத்தமாகிறான். இரத்தப் பரிசோதனையில் கொப்புளிப்பானுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, சின்னமுத்துக்கு இல்லை. முதல் எம்.எம்.ஆர். போட்டாயிற்று. இரண்டாவதையும் மஞ்சள் காய்ச்சல் ஊசியையும் கொழும்பில் ஒரே நாளில் போட முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். முடிந்தால் ஒரு பஸ் பயணம் மிச்சம்.