லிங்கன் பிறக்காத லிங்கன் வீடு: கென்டக்கியின் ஹோம்ஸ்டெட் பூங்கா

அமெரிக்காவில் லிங்கன், ஸ்பிரிங்ஃபீல்டு என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலோருக்கு இல்லினாய் மாநிலத் தலைநகரும் அங்கே அவர் வழக்கறிஞராக வாழ்ந்த வீடும்தான் நினைவுக்கு வரும். நான் எழுதப்போவது அந்த ஊரைப் பற்றி அல்ல. கென்டக்கி மாநிலத்தின் வாஷிங்டன் மாவட்டத்திலும் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற சிற்றூர் ஒன்று உண்டு. அதற்கு வடக்கே சில மைல் தொலைவில், 528ஆம் எண் சாலையில், லிங்கன் ஹோம்ஸ்டெட் மாநிலப் பூங்கா இருக்கிறது. ஆபிரகாம் லிங்கன் இங்கே பிறக்கவில்லை, வாழவும் இல்லை. அவருடைய தந்தை தாமஸ் வளர்ந்த நிலம் இது. தாய் நான்சி ஹாங்க்ஸ் திருமணத்துக்கு முன் வாழ்ந்த வீடும் இங்கே நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு இந்தச் சிறிய இடம் நிறையவே தரும். குடியரசுத் தலைவரைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள்.

பூங்கா என்றதும் பெரிய வனப்பரப்பை எதிர்பார்க்க வேண்டாம். மொத்தமே ஏறத்தாழ 120 ஏக்கர்தான். அதிலும் பெரும்பகுதியை 18 குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் எடுத்துக்கொண்டிருக்கிறது. வரலாற்றுக்கென்று ஒதுக்கப்பட்டிருப்பது புல்வெளியின் ஒரு பகுதியும் அதிலுள்ள சில மரக் கட்டடங்களும் மட்டுமே. லிங்கன் குடும்பம் வாழ்ந்த மரக்குடிசையின் மாதிரி ஒன்று, தாமஸ் தொழில் கற்ற பட்டறையின் மாதிரி ஒன்று, நான்சி வாழ்ந்த, பெர்ரி குடும்பத்தாரின் பழைய மரவீடு ஒன்று. முதல் இரண்டும் பிற்காலத்தில் கட்டப்பட்டவை. மூன்றாவது மட்டுமே அந்தக் காலத்து வீடு. அதுவும் வேறிடத்தில் இருந்து இங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. எது அசல், எது நகல் என்ற இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு சுற்றினால் எங்கே அதிக நேரம் நிற்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இந்தக் கட்டடங்கள் பேச வேண்டுமானால் அவற்றின் பின்கதையை அறிந்திருக்க வேண்டும். லிங்கனின் பாட்டனார் பெயரும் ஆபிரகாம் லிங்கன்தான். படையில் கேப்டனாக இருந்தவர். வர்ஜீனியாவில் இருந்து குடும்பத்தோடு கென்டக்கிக்கு வந்து, 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு உரிமை பெற்றார். 1786ஆம் ஆண்டு, லூயிவில் நகருக்கு அருகே தம் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, குடியேறிகளை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த பூர்வகுடியினரின் தாக்குதலில் இறந்தார். தந்தையின் உடலருகே இருந்த சிறுவன் தாமஸை ஒருவர் நெருங்கியபோது, மூத்த மகன் மொர்தெகாய் வீட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியால் சுட்டுத் தம்பியைக் காப்பாற்றினான். தாம் கேட்ட கதைகள் எல்லாவற்றிலும் இதுவே தம் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்தது என்று பேரன் லிங்கன் 1854ஆம் ஆண்டு உறவினர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார்.

கணவரை இழந்த பெர்ஷீபா லிங்கன் ஐந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்த பகுதிதான் இது. அப்போது கென்டக்கி வர்ஜீனியாவின் ஒரு பகுதியாக இருந்தது. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சேரும் என்ற பழைய ஆங்கிலேய வழக்கம் அங்கே நடைமுறையில் இருந்தது. அதை ஒழிக்கும் சட்டம் 1785ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தபோதும் 1787 ஜனவரி 1ஆம் தேதியில் இருந்துதான் நடப்புக்கு வந்தது. அந்த இடைவெளிக்குள் தந்தை இறந்துவிட்டதால் நிலமெல்லாம் மொர்தெகாய்க்குப் போயிற்று. ஆண்பிள்ளைகளில் இளையவரான தாமஸுக்கு ஒரு சென்ட் நிலம்கூட மிஞ்சவில்லை. கூலி வேலையும் தச்சு வேலையும் செய்துதான் அவர் தலையெடுக்க வேண்டியிருந்தது. லிங்கன் குடும்பத்தின் வறுமையைப் பற்றிப் பள்ளிப் பாடங்களில் படித்த நமக்கு, அந்த வறுமை எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்பதை இந்த இடம் காட்டிவிடுகிறது.

குடிசையின் மாதிரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கென்டக்கியில் இதுபோன்ற மறுகட்டுமானங்கள் நிறையவே உண்டு. கொல்லு வேலைக்கும் தச்சு வேலைக்குமான பட்டறை அதைவிடச் சுவையானது. தாமஸ் லிங்கன் எதற்கும் உதவாத சோம்பேறி என்று வாழ்க்கை வரலாறுகள் சிலவற்றில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் சுவரின் மூலையில் பொருந்தும்படி அவர் செய்த முக்கோண அலமாரிகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். அவர் செய்ததாகக் கருதப்படும் மரச்சாமான்கள் சில இங்கேயும் வைக்கப்பட்டுள்ளன. என்னைக் கேட்டால், பூங்காவின் பெயர்ப்பலகையில் மகனின் பெயருக்குப் பக்கத்தில் இந்தத் தச்சரின் பெயரையும் எழுதியிருக்கலாம்.

நேரம் செலவிட வேண்டியது பெர்ரி வீட்டில்தான். இரண்டு தளங்கள் கொண்ட மரவீடு; அக்காலத்துக் குடியேறிகளின் வழக்கமான குடிசையைவிட வசதியானது. வெளிச்சுவருக்கு அருகில் போய் ஒரு மூலையைக் கவனித்தால் வேலையின் நேர்த்தி தெரியும். மரங்களை நான்கு பக்கமும் செதுக்கி, முனைகளைச் சரிவாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கடித்துப் பிடிக்கும்படி அடுக்கியிருக்கிறார்கள். சரிவு இருப்பதால் மழைநீர் மூட்டுக்குள் தேங்காமல் வெளியே வழிந்துவிடும். ஆணிக்கும் அங்கே வேலை இல்லை. இரண்டு மரங்களுக்கு இடையே உள்ள சந்துகளில் பூச்சு அடைத்திருக்கிறார்கள். நம் ஊர்த் தச்சர் ஒருவர் வந்தால் இந்த மூலையை விட்டு நகரவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்சி இந்தக் குடும்பத்தாரின் ஆதரவில் தையல் வேலை செய்துகொண்டு வாழ்ந்தபோதுதான் தாமஸ் அவரை மணக்கக் கேட்டார். 1806 ஜூன் 10ஆம் தேதி தாமஸும், பெண்ணுக்குப் பொறுப்பாளராக ரிச்சர்டு பெர்ரியும் 50 பவுண்டுக்கு ஒரு திருமணப் பிணைப்பத்திரம் (மணத்துக்குச் சட்டத் தடை ஏதும் இல்லை என்று உறுதி தரும் பத்திரம்) எழுதிக் கையெழுத்திட்டார்கள். நாடு விடுதலை அடைந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் கணக்கு பவுண்டில் நடந்திருக்கிறது! இரண்டு நாள் கழித்து, ஜூன் 12ஆம் தேதி, ஜெஸ்ஸி ஹெட் என்ற மெதடிஸ்ட் போதகர் மணம் முடித்துவைத்தார். இந்தப் பதிவு லிங்கனின் வாழ்நாளில் யார் கண்ணிலும் படவில்லை. அதனால் அவருடைய பெற்றோர் முறையாக மணந்தவர்கள்தானா என்ற வம்புப் பேச்சு அரசியல் எதிரிகளுக்குக் கைகொடுத்தது. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்தே ஸ்பிரிங்ஃபீல்டு நீதிமன்றப் பதிவறையில் ஆவணம் கிடைத்து, பேச்சு அடங்கியது. அதனால்தான், பூங்காவைப் பார்த்துவிட்டு ஊருக்குள் சென்று, 1816ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அந்த நீதிமன்றத்தையும் பார்க்க வேண்டும் என்று சொல்வேன்.

கோல்ஃப் மைதானம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. குடிசையைப் படம் எடுக்க நினைத்தால் பின்னணியில் கோல்ஃப் வண்டி ஒன்று ஊர்ந்து போகும். சிறிய பூங்காவைப் பராமரிக்க அந்த வருமானம் உதவக்கூடும் என்பது புரிகிறது. ஆனாலும் விளையாட வருகிறவர்களுக்காகவே வரலாறு ஓரமாக ஒதுங்கி நிற்பதுபோல் ஒரு தோற்றம் இருக்கிறது.

மொர்தெகாய் லிங்கனின் வீடும் இதே சாலைப் பக்கத்தில், கட்டப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. கென்டக்கியில் லிங்கன் குடும்பத்தவர் ஒருவர் சொந்தமாக வைத்திருந்து வாழ்ந்த வீடுகளில் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். குடும்பத்தின் திறமைகளை எல்லாம் மொர்தெகாய் பெரியப்பாவே அள்ளிக்கொண்டு போய்விட்டார் என்று லிங்கன் வேடிக்கையாகச் சொல்வதுண்டாம். நிலத்தையும் சேர்த்தே அள்ளிக்கொண்டார் என்பது இந்த வீட்டைப் பார்த்தால் விளங்கும்.

அருங்காட்சியகக் கட்டடங்கள் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை; கோடைக்காலத்தை ஒட்டிய மாதங்களில், நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. உள்ளே பார்க்கச் சிறு கட்டணம் உண்டு. ஒன்றிரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும் என்பதால், இதை மட்டும் நம்பி நீண்ட தூரம் வருவதைவிட, மேற்கே ஹாட்ஜன்வில் அருகே லிங்கன் பிறந்த பண்ணையோடு சேர்த்து ஒரு நாள் பயணமாக வைத்துக்கொள்ளலாம். அங்கே அவருடைய வயதுக்கு ஏற்ப 56 படிகள் வைத்துப் பளிங்கும் கருங்கல்லுமாக நினைவு மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் குடிசை அவர் பிறந்த குடிசை அல்ல என்பதை இப்போது நிர்வாகமே ஒப்புக்கொள்கிறது. இரண்டில் முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், பெர்ரி வீட்டைத்தான் சொல்வேன்.